பூட்லோடர் விட்டுப்போன நிலை: டிரைவர் எதை ரீசெட் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

64-பிட் ஆர்ம் சிப் கொண்ட, தங்கள் நிறுவனமே வடிவமைத்த போர்டுக்கு லினக்ஸ் ஈதர்நெட் டிரைவர் எழுதிவருகிறார். பூட்லோடர் (இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஏற்றிவிட்டு விலகும் நிரல்) யூ-பூட். எஸ்.டி. கார்டிலிருந்து பூட் செய்தால் டிரைவர் ஏறிவிடுகிறது. டி.எஃப்.டி.பி. மூலம் நெட்வொர்க்கில் கெர்னலை இறக்கிப் பூட் செய்தால், இன்டரப்ட் (ஹார்டுவேர் சி.பி.யூ.வை அழைக்கும் சிக்னல்) ஹேண்ட்லரைப் பதிவு செய்த உடனே "நோபடி கேர்டு" என்ற செய்தி வந்து அந்த ஐ.ஆர்.க்யூ. (இன்டரப்ட் லைன்) முடக்கப்படுகிறது. ப்ரோப் ஃபங்ஷனின் (சாதனத்தைக் கெர்னல் டிரைவரிடம் ஒப்படைக்கும்போது ஓடுவது) முதல் வரியிலேயே ரீசெட் கண்ட்ரோலரை அழைத்துப் பார்த்திருக்கிறார். இன்டரப்ட் தொல்லை போய்விட்டது. பதிலுக்கு மூன்று புதிய தொல்லைகள்: ஒவ்வொரு பூட்டிலும் மேக் முகவரி (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) மாறுகிறது, பக்கத்திலுள்ள யூ.எஸ்.பி. சில நேரம் செத்துப்போகிறது, எப்போதாவது ரீசெட் வரியிலேயே போர்டு முழுவதும் உறைந்துவிடுகிறது. இவை போதாதென்று நெட்வொர்க் பூட்டில் மட்டும் அரிதாக மெமரி சிதைவு. எஸ்.டி. பூட்டிலோ கிகாபிட் வேகத்தில் பாக்கெட்டுகள் தொலைகின்றன. 100 மெகாபிட்டில் பிரச்சினை இல்லை.

"பூட்லோடர் செய்த குப்பையை டிரைவரில் துடைக்காதே என்கிறார் டீம் லீடர். டிரைவர்தான் ரீசெட் செய்ய வேண்டும் என்கிறார் பூட்லோடர் பார்க்கும் சக ஊழியர். வெளியே போய்விட்ட போர்டுகளில் பூட்லோடரை மாற்றவும் முடியாது. ரீசெட்டுக்குப் பிறகு 500 மில்லிவிநாடி தூங்கவைத்தால் ஓரளவு சரியாகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?" என்று முடிக்கிறார்.

நண்பரே, தூக்கத்தை எடுத்துவிடுங்கள். அது எதையும் சரிசெய்யவில்லை, தள்ளிப்போடுகிறது. உங்கள் டீம் லீடர் சொல்வதும் சக ஊழியர் சொல்வதும் ஆளுக்குப் பாதி சரி. டி.எம்.ஏ.வை (சி.பி.யூ. தலையீடின்றிச் சாதனமே மெமரியைப் படிப்பதை, எழுதுவதை) நிறுத்திவிட்டுக் கெர்னலுக்குக் கைமாற்றுவது பூட்லோடரின் கடமை. கைக்கு வந்த ஹார்டுவேர் எந்த நிலையில் இருந்தாலும் அதை அறிந்த நிலைக்குக் கொண்டுவருவது டிரைவரின் கடமை. ஒருவர் ஒழுங்காகச் செய்துவிட்டார் என்பதால் மற்றவருக்கு விலக்குக் கிடையாது. ஏனென்று விளக்குகிறேன். அதற்குமுன், உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே பிழை அல்ல என்பதை மனதில் வையுங்கள். குறைந்தது ஐந்து இருக்கிறது.

இன்டரப்ட் புயல் எங்கிருந்து வந்தது

டி.எஃப்.டி.பி. முடிந்த பிறகும் உங்கள் மேக் பிளாக்கின் (சிப்பில் ஈதர்நெட் பாக்கெட்டுகளை அனுப்பி வாங்கும் பகுதி) ரிசீவர் திறந்தே இருக்கிறது. வயரில் ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் வந்தால் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் பிட் ஏறுகிறது. யூ-பூட் போலிங் முறையில் (ஸ்டேட்டஸைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்து) வேலை செய்வதால் அதற்கு இன்டரப்ட் தேவையில்லை. ஆனாலும் அதன் டிரைவர் மாஸ்க் ரிஜிஸ்டரை (எந்த இன்டரப்டை மூடுவது என்று சொல்வது) எப்படி விட்டதோ அப்படியே கிடக்கிறது. நீங்கள் ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் அழைப்பு, பதிவு செய்வதோடு அந்த லைனைத் திறந்தும் விடுகிறது. லெவல் வகை இன்டரப்ட் என்பதால் பிட் இறங்கும்வரை லைன் உயர்ந்தே இருக்கும். உங்கள் ஹேண்ட்லரோ, ரிங் (பாக்கெட் பஃபர்களின் பட்டியல்) இன்னும் ஒதுக்கப்படவில்லை என்று பார்த்து "என்னுடையது இல்லை" எனத் திரும்புகிறது. உடனே மறுபடி அழைப்பு. 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்கவில்லை என்றால் கெர்னல் அந்த லைனை மூடிவிடும். நீங்கள் பார்த்த செய்தி அதுதான்.

இதற்கு ஒரு குறுக்குவழி பலர் கைக்கும் வரும்: ஹேண்ட்லர் எப்போதும் "கவனித்துவிட்டேன்" என்று திருப்புவது. செய்யாதீர்கள். கெர்னலின் பாதுகாப்பு எண்ணிக்கை அதனால் செயலிழக்கும். புயல் அப்படியே வீசும், ஒரு சி.பி.யூ. கோர் அதிலேயே மூழ்கிவிடும்.

மெமரி சிதைவு: ப்ரோபுக்கு முந்தைய விநாடிகள்

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இந்த அறிகுறிதான் என்னை அதிகம் கவலைப்படவைக்கிறது. யூ-பூட் தன் ரிசீவ் டிஸ்கிரிப்டர்களையும் (எந்த பஃபரில் எழுதுவது என்று சொல்லும் குறிப்புகள்) பஃபர்களையும் ராமில் வைத்திருந்தது. கெர்னல் எழுந்ததும் அந்தப் பக்கங்கள் காலி இடமாகக் கணக்கில் சேர்ந்து, யாராவது ஒருவருக்கு ஒதுக்கப்படும். நெட்வொர்க் பிளாக்குக்கு அது தெரியாது. அடுத்த பிராட்காஸ்ட் வந்ததும் பழைய முகவரியில் எழுதிவிடும்.

உறுதிசெய்வது சுலபம். ஸ்லப் (கெர்னலின் மெமரி ஒதுக்கும் பகுதி) டீபக் வசதியை, விடுவித்த பகுதியை நிரப்பிவைக்கும் பாய்சன் தேர்வோடு இயக்குங்கள். விடுவித்த ஆப்ஜெக்டில் வரிசையாக 6பி பைட்டுகள் இருக்க வேண்டும். அவற்றின் நடுவே ஆறு எஃப்எஃப், அடுத்து ஆறு பைட் ஏதோ ஒரு முகவரி, அதற்குப்பின் 08 06, 00 01, 08 00, 06 04 என்று கண்டால் சந்தேகமே வேண்டாம்: அது உங்கள் வயரில் வந்த ஏ.ஆர்.பி. கேள்வி (இந்த ஐ.பி. முகவரி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்கும் பாக்கெட்). (டம்ப்பை பைட் பைட்டாகப் பாருங்கள். 32-பிட் சொற்களாக அச்சிட்டால் லிட்டில் எண்டியனில் வரிசை புரண்டு, கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாது.)

இந்தச் சிதைவை டிரைவரால் முழுதாகத் தடுக்க முடியாது என்பதைத்தான் நீங்கள் ஏற்க வேண்டும். கெர்னலின் முதல் வரிக்கும் உங்கள் ப்ரோபுக்கும் இடையே விநாடிகள் கழிகின்றன. டிரைவர் மாட்யூலாக இருந்தால் ரூட் ஃபைல்சிஸ்டம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வயரில் வருவதெல்லாம் ராமில் விழும். அதனால்தான் ஆர்ம் 64 பூட் முறையை விவரிக்கும் கெர்னல் ஆவணம், கெர்னலுக்குள் தாவுமுன் டி.எம்.ஏ. செய்யக்கூடிய எல்லாச் சாதனங்களையும் அமைதிப்படுத்தும்படி பூட்லோடரிடம் கேட்கிறது. தவறான நெட்வொர்க் பாக்கெட்டோ டிஸ்க் தரவோ மெமரியைக் கெடுக்கக்கூடாது என்று காரணத்தையும் அங்கேயே சொல்கிறது. இந்த விஷயத்தில் உங்கள் டீம் லீடர் பக்கம்தான் நியாயம்.

இது உங்கள் போர்டுக்கு மட்டும் வந்த வினோதம் அல்ல. 2011, 2012-ல் வந்த ஆப்பிள் மேக் கணினிகளில் இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் பிராட்காம் 4331 வைஃபை கார்டை ஒவ்வொரு பூட்டிலும் எழுப்பி, அப்படியே விட்டுவிட்டுப் போனது. கார்டு இன்டரப்ட் லைனை உயர்த்திக்கொண்டே இருந்தது. காற்றில் வந்த பாக்கெட்டுகளை மெமரியில் எழுதியது. பக்கத்தில் இருப்பவர் அனுப்பும் பாக்கெட் கெர்னல் மெமரியில் விழுகிறது என்றால் அது பாதுகாப்பு ஓட்டையும்கூட. வழக்கமான டிரைவர் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், பி.சி.ஐ. துணை அமைப்பு எழும் முன்பே அந்தக் கார்டை ரீசெட் செய்யும் ஒரு துண்டைக் கெர்னலின் ஆரம்பக் கட்டத்தில் சேர்த்தார்கள்.

யூ-பூட் பக்கம் மூன்று இடங்களைச் சக ஊழியரோடு உட்கார்ந்து பாருங்கள். அவருடைய ஈதர்நெட் டிரைவரின் ஸ்டாப் ஃபங்ஷன் உண்மையிலேயே ரிசீவரையும் டி.எம்.ஏ.வையும் நிறுத்துகிறதா, அல்லது காலியாக இருக்கிறதா? பல டிரைவர்களில் அது ஒரே வரியில் திரும்பிவிடும். அடுத்து, "டி.எம்.ஏ. இயங்குகிறது" என்று குறிக்கும் ஃப்ளாக் டிரைவரில் போடப்பட்டிருக்கிறதா? அந்த ஃப்ளாக் உள்ள டிரைவர்களின் ரிமூவ் ஃபங்ஷனைத்தான் ஓ.எஸ்.ஸுக்குத் தாவுமுன் யூ-பூட் தேடி அழைக்கிறது. மூன்றாவது, பூட் ஸ்கிரிப்ட் எந்தக் கட்டளையால் தாவுகிறது? பூட்ஐ, பூட்எம் இரண்டும் இந்தச் சுத்திகரிப்பைச் செய்யும். "கோ" கட்டளை கொடுத்த முகவரிக்கு நேராகத் தாவிவிடும்.

வெளியே போய்விட்ட போர்டுகளுக்கு என்ன வழி? பூட்லோடர் பைனரியை மாற்ற முடியாவிட்டாலும் பூட் ஸ்கிரிப்டை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் பூட்டில் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் சர்வரிலிருந்துதான் வரும். கடைசி டி.எஃப்.டி.பி. முடிந்து, பூட்ஐ-க்கு முந்தைய வரியில், மெமரி ரைட் கட்டளையால் மேக் கண்ட்ரோல் ரிஜிஸ்டரில் ரிசீவ் பிட்டையும், பிறகு டி.எம்.ஏ. கண்ட்ரோலில் ஸ்டார்ட் பிட்டுகளையும் இறக்கிவிடுங்கள். இரண்டு வரி போதும். இடைவெளி மூடிவிடும்.

ஸ்கிரிப்டும் கைக்கு எட்டாது என்றால், யூ-பூட்டின் டிஸ்கிரிப்டரும் பஃபரும் இருக்கும் பகுதியை டிவைஸ் ட்ரீயின் (போர்டில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ரிசர்வ்டு மெமரி நோடில் ஒதுக்கிவிடலாம். யூ-பூட் தன்னை ராமின் உச்சிக்கு இடம்மாற்றிக்கொள்ளும், பி.டி.இன்ஃபோ கட்டளை அந்த முகவரியைக் காட்டும். சில மெகாபைட் நிரந்தரமாகப் போகும். பழைய பூட்லோடர் பதிப்புகள் பல இருந்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை நான் கடைசித் தேர்வாகத்தான் வைப்பேன். டிரைவரை மாட்யூலாக்காமல் கெர்னலுக்குள் கட்டுவது இடைவெளியைக் குறைக்கும், ஒழிக்காது. சிப்பில் ஐ.ஓ.எம்.எம்.யூ. (சாதனங்கள் மெமரியைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் பகுதி) இருந்து கெர்னல் அதை இயக்கினால், அதன்பிறகு வரும் திருட்டு எழுத்துகள் தடுக்கப்பட்டு லாகில் ஃபால்ட்டாகத் தெரியும். ஆனால் அதுவும் ஒரு டிரைவர்தான். அது எழும்வரைக்கும் கதவு திறந்தே கிடக்கும்.

ப்ரோபுக்குள் செய்ய வேண்டிய வரிசை

இப்போது சக ஊழியர் சொல்வதில் உள்ள நியாயத்துக்கு வருவோம். பூட்லோடர் நாளை சரியாகிவிட்டாலும் உங்கள் டிரைவர் அதை நம்பக்கூடாது. கே-எக்ஸெக் மூலம் ஒரு கெர்னல் இன்னொன்றைத் தூக்கும்போது பூட்லோடரே நடுவில் வருவதில்லை. கெர்னல் பேனிக் ஆகி கே-டம்ப் கெர்னல் (விழுந்த கெர்னலின் மெமரியைச் சேமிக்க எழும் இரண்டாவது கெர்னல்) எழும்போது, பழைய டிரைவரின் ஷட்டவுன் ஃபங்ஷன்கூட ஓடாது. போக்குவரத்து முழு வேகத்தில் இருக்கும் ஹார்டுவேர் அப்படியே உங்கள் ப்ரோபின் கையில் விழும்.

ரீசெட்டை முதல் வரியில் வைத்ததுதான் உங்கள் போர்டு உறைவதற்கு மிகவும் சாத்தியமான காரணம். டி.எம்.ஏ. பஸ்ஸில் ஒரு பரிமாற்றத்தைத் தொடங்கி, பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிளாக்கின் கழுத்தைப் பிடித்தால், அந்தப் பரிமாற்றம் அநாதையாக நிற்கும். பல இன்டர்கனெக்டுகளுக்கு (சிப்புக்குள் பிளாக்குகளை இணைக்கும் பாதைகள்) இதிலிருந்து மீளத் தெரியாது. அதே பாதையில் வரும் மற்றவர்களும் நின்றுவிடுவார்கள். எப்போதாவது மட்டும் நிகழ்வதும் இதனால்தான்: அந்த நொடியில் வயரில் பாக்கெட் வந்தால் உறையும், வராவிட்டால் தப்பிக்கும். நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

1. முதலில் கிளாக், ரெகுலேட்டர், ரீசெட், ஐ.ஆர்.க்யூ. எண் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஏதாவது இன்னும் தயாராகவில்லை என்றால், ஹார்டுவேரைத் தொடாமலேயே ப்ரோபை ஒத்திவைத்துத் திரும்ப வேண்டும்.

2. கிளாக்கை இயக்குங்கள், ரீசெட்டை டீஅசர்ட் செய்யுங்கள் (விடுவியுங்கள்). இதற்குமுன் ஒரு ரிஜிஸ்டரையும் படிக்காதீர்கள். கிளாக் இல்லாத பிளாக்கைப் படித்தால் சில சிப்களில் எஸ்-எரர் என்னும் கடும் பிழை வந்து கெர்னல் விழும். சிலவற்றில் பஸ் சத்தமில்லாமல் தொங்கும். நெட்வொர்க் பூட்டில் யூ-பூட் கிளாக்கைத் திறந்து வைத்திருப்பதால் இந்தத் தவறு வெளியே தெரியாது.

3. ஃபர்ம்வேர் மட்டுமே அறிந்த தகவலைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கில் அது மேக் முகவரி.

4. இன்டரப்டுகள் எல்லாவற்றையும் மாஸ்க் செய்யுங்கள். மேக் ரிசீவரையும் டிரான்ஸ்மிட்டரையும் மூடுங்கள். பிறகு டி.எம்.ஏ. ஸ்டார்ட் பிட்டுகளை இறக்கி, அது ஓய்ந்துவிட்டதா என்று ஸ்டேட்டஸைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். 1518 பைட் ஃபிரேம் 10 மெகாபிட் வேகத்தில் வந்து முடிய ஏறக்குறைய 1.2 மில்லிவிநாடி ஆகும். 10 மில்லிவிநாடி வரம்பு தாராளம். வரம்பு தாண்டினால் எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டுத் தொடருங்கள்.

5. இப்போது ரீசெட். அசர்ட் (ரீசெட்டில் பிடித்துவைப்பது), டேட்டாஷீட் கேட்கும் அளவு காத்திருப்பு, டீஅசர்ட். பிளாக்கின் உள்ளேயே உள்ள சாஃப்ட் ரீசெட் பிட் என்றால், அது தானாக இறங்கும்வரை திரும்பத் திரும்பப் படியுங்கள்.

6. ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர்களில் தொக்கி நிற்பதை அழியுங்கள். எழுதினால் அழிபவை உண்டு, படித்தால் அழிபவை உண்டு. டேட்டாஷீட்டில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாக்கெட் கவுண்டர்களுக்கு எனத் தனி இன்டரப்ட் மாஸ்க் இருந்தால் அதையும் மூடுங்கள். ரீசெட் ஆனதும் அது திறந்த நிலையில் வரும் பிளாக்குகள் உண்டு.

7. உங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு ரிஜிஸ்டரையும் வெளிப்படையாக எழுதுங்கள். ஏற்கனவே இருப்பதைப் படித்து ஒரு பிட்டை மட்டும் மாற்றி எழுதும் பழக்கம் இங்கே ஆபத்து. பழைய பிட்டுகள் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

8. எல்லாம் முடிந்த பிறகே இன்டரப்ட் ஹேண்ட்லரைப் பதிவு செய்யுங்கள். மாஸ்க் வசதியே இல்லாத ஹார்டுவேர் என்றால், பதிவின்போது லைன் தானாகத் திறக்காதபடி தடுக்கும் ஃப்ளாக் இருக்கிறது. தயாரானதும் நீங்களே திறக்கலாம்.

உங்கள் 500 மில்லிவிநாடி ஏன் "ஓரளவு" வேலை செய்தது என்பதற்கும் பதில் ஐந்தாம் படியில் இருக்கிறது. டிசைன்வேர் வகை மேக் பிளாக்குகளில் டி.எம்.ஏ. சாஃப்ட் ரீசெட் முடிய வேண்டுமானால், ஃபை சிப்பிலிருந்து (வயரோடு நேரடியாகப் பேசும் சிப்) வரும் ரிசீவ் கிளாக் உட்பட எல்லாக் கிளாக்குகளும் ஓட வேண்டும். ஃபை இன்னும் ரீசெட்டில் கிடந்தாலோ, தூக்க நிலையில் கிளாக்கை நிறுத்தியிருந்தாலோ, பிட் இறங்கவே இறங்காது. அந்தக் குடும்பத்தின் லினக்ஸ் டிரைவர் "டி.எம்.ஏ.வை ரீசெட் செய்ய இயலவில்லை" என்று புலம்பும்போது பெரும்பாலும் காரணம் ஃபைதான். அரை விநாடித் தூக்கத்தில் ஃபை எழுந்துவிடுகிறது; சில போர்டுகளில் எழுவதில்லை. ஃபையை முதலில் எழுப்பிவிட்டு, ஸ்டேட்டஸைத் திரும்பத் திரும்பப் படித்தால் சில மில்லிவிநாடிகளில் முடியும்.

இன்னொரு நுணுக்கம். ரிஜிஸ்டரில் எழுதியது உடனே பிளாக்கைப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். வழியில் பஃபரில் நிற்கலாம். அசர்ட் எழுதி, 10 மைக்ரோவிநாடி காத்து, டீஅசர்ட் எழுதினால், இரண்டும் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்து பல்ஸின் அகலம் சுருங்கிவிட வாய்ப்புண்டு. எழுதிய ரிஜிஸ்டரை ஒருமுறை திரும்பப் படித்துவிட்டுக் காத்திருப்பைத் தொடங்குங்கள்.

இந்த எட்டில் நான்கு முதல் ஏழு வரை தனி ஃபங்ஷனாக இருக்கட்டும். சஸ்பெண்டிலிருந்து திரும்பும்போதும் அதே வேலைதான்: பவர் டொமைன் அணைந்திருக்கலாம், அணையாமலும் இருந்திருக்கலாம், இரண்டுக்கும் ஒரே பாதை போதும்.

பகிர்ந்துகொள்ளும் ரீசெட் லைன்

யூ.எஸ்.பி. சாவது அநேகமாக, இரண்டு பிளாக்குகளும் ஒரே ரீசெட் லைனில் தொங்குவதால். சிப்பின் ரீசெட் அட்டவணையில் இதைச் சரிபாருங்கள். இரண்டு டிரைவர்களும் ஒரே லைனைத் தனியுரிமையாகக் கேட்டிருந்தால், இரண்டாவதாகக் கேட்டவருக்குக் கெர்னல் "பிஸி" என்று மறுத்திருக்கும். அப்படி நடக்கவில்லை என்பதால், யூ.எஸ்.பி. நோடில் ரீசெட் எழுதப்படவே இல்லை என்று ஊகிக்கிறேன். பூட்லோடர் ஏற்கனவே டீஅசர்ட் செய்துவிட்டதால் யாருக்கும் அது தேவைப்படவில்லை. இதுவும் ஒரு மறைமுகச் சார்புதான்.

டிவைஸ் ட்ரீயில் இரண்டு நோடுகளிலும் அந்த லைனை எழுதி, இரண்டு டிரைவர்களும் பகிர்வு முறையில் கேட்கட்டும். அப்போது கெர்னல் டீஅசர்ட்டுகளை எண்ணிக்கொள்ளும். கடைசி ஆள் விட்டால்தான் லைன் உண்மையில் அசர்ட் ஆகும். இதன் விலை: ப்ரோபில் உங்களால் அசர்ட் செய்ய முடியாது. டீஅசர்ட் செய்யாமல் அசர்ட்டை அழைத்தால் எச்சரிக்கையும் பிழையும்தான் திரும்பும். ஆகவே ஐந்தாம் படியில் உங்கள் பிளாக்கின் சொந்த சாஃப்ட் ரீசெட் பிட்டைத்தான் நம்ப வேண்டும். "சாஃப்ட் ரீசெட்டால் எல்லா ரிஜிஸ்டர்களும் டேட்டாஷீட் மதிப்புக்குத் திரும்பிவிடும்" என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் திரும்பாது. டி.எம்.ஏ. பகுதி மட்டும் திரும்பி, பிளாக்குக்கு வெளியே சிஸ்டம் கண்ட்ரோலில் உள்ள இன்டர்ஃபேஸ் தேர்வு, டிலே அமைப்பு போன்றவை அப்படியே நிற்கலாம். ஏழாம் படி அதற்காகத்தான்.

ரீசெட் அழைப்பு பூஜ்யம் திருப்பினால் ரீசெட் நடந்துவிட்டது என்று பொருள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "இருந்தால் கொடு" வகை அழைப்பில், டிவைஸ் ட்ரீயில் ரீசெட் எழுதப்படாவிட்டால் வெற்றுக் கைப்பிடி கிடைக்கும். அதன்மேல் எதைச் செய்தாலும் வெற்றி என்றே திரும்பும். பல்ஸ் வகை அழைப்பை ரீசெட் கண்ட்ரோலர் ஆதரிக்காவிட்டால் பிழை வரும். அதைப் பார்க்காமல் விட்ட டிரைவர்கள் நிறைய. ஒரு ரிஜிஸ்டரில் தெரிந்த மதிப்பை எழுதி, ரீசெட் செய்து, திரும்பப் படித்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனை மணிக்கணக்கான ஊகத்தை மிச்சப்படுத்தும்.

மேக் முகவரியும் கிகாபிட் இழப்பும்

மேக் முகவரி மாறுவதற்குக் காரணம் எளிது. யூ-பூட் முகவரியை ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருந்தது; நீங்கள் படிக்குமுன் ரீசெட் அதை அழித்தது; செல்லுபடியான முகவரி இல்லாததால் டிரைவர் தற்செயலாக ஒன்றை உருவாக்கியது. மூன்றாம் படி இதைச் சரிசெய்யும். ஆனால் ரிஜிஸ்டரைப் படிப்பதை இரண்டாம் தேர்வாக வையுங்கள். டிவைஸ் ட்ரீயின் ஏலியாஸ் பகுதியில் உங்கள் நோடை ஈதர்நெட்0 எனக் குறித்தால், யூ-பூட் முகவரியை அந்த நோடிலேயே எழுதிக் கொடுக்கும். முதலில் அதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் ரிஜிஸ்டர், அதுவும் இல்லாவிட்டால் தற்செயல் எண். கே-எக்ஸெக், மாட்யூல் மறு ஏற்றம் எல்லாவற்றிலும் இந்த வரிசை நிற்கும்.

கிகாபிட் பாக்கெட் இழப்பு, இதே கதை தலைகீழாக நடப்பது. மேக் பிளாக்கையும் ஃபையையும் இணைக்கும் ஆர்.ஜி.எம்.ஐ.ஐ. இணைப்பில் கிகாபிட் வேகத்தில் 125 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் இரண்டு விளிம்பிலும் தரவு போகிறது. ஒரு தரவுக்கு 4 நானோவிநாடிதான். அதன் நடுவில் விளிம்பு விழ, கிளாக்கை ஏறக்குறைய 2 நானோவிநாடி தாமதிக்க வேண்டும். 100 மெகாபிட்டில் கிளாக் 25 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அந்தத் தாமதம் இல்லாவிட்டாலும் ஓடிவிடும். நெட்வொர்க் பூட்டில் யூ-பூட்டின் ஃபை டிரைவர் இந்தத் தாமதத்தை அமைத்துவிடுகிறது. எஸ்.டி. பூட்டில் யாரும் அமைப்பதில்லை. லாகில் "ஜெனரிக் ஃபை" என்று வருகிறதா பாருங்கள். வந்தால் உங்கள் ஃபை சிப்புக்கான டிரைவர் கெர்னலில் இயக்கப்படவில்லை. பொது டிரைவருக்குத் தாமதம் அமைக்கத் தெரியாது. சரியான டிரைவரை இயக்கி, டிவைஸ் ட்ரீயில் ஃபை-மோடை, தாமதம் இரண்டு பக்கமும் ஃபையில் என்று சொல்லும் வகைக்கு மாற்றுங்கள். போர்டின் டிரேஸ்களிலேயே தாமதம் சேர்க்கப்படவில்லை என்பதை ஹார்டுவேர் ஆட்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஃபைக்கு ஜி.பி.ஐ.ஓ. ரீசெட் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் இதை முதலில் முடியுங்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க் பூட்டிலும் அதே இழப்பு வந்து, ரீசெட்மேல் பழி விழும்.

கைவைக்கக் கூடாதவை

ப்ரோபில் ரீசெட் செய்வதைப் போர்டிலுள்ள மற்ற டிரைவர்களுக்கும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். வாட்ச்டாக்கைப் (கணினி உறைந்தால் ரீபூட் செய்யும் டைமர்) பூட்லோடர் ஓடவிட்டுத் தந்தால், அதை நிறுத்துவது பாதுகாப்பைக் கழற்றுவது. அது ஓடுகிறது என்று வாட்ச்டாக் கோருக்குச் சொல்லும் ஃப்ளாக் இருக்கிறது. யூசர்ஸ்பேஸ் வரும்வரை கெர்னலே உணவளிக்கும். பி.டபிள்யூ.எம். (பல்ஸின் அகலத்தால் அளவை அமைக்கும் பிளாக்) மூலம் சி.பி.யூ. வோல்டேஜை அமைக்கும் போர்டில் அந்தப் பி.டபிள்யூ.எம்.மை ரீசெட் செய்தால், ப்ரோப் முடிய சி.பி.யூ.வே இருக்காது. அங்கே நடப்பு நிலையைப் படித்து ஏற்பதுதான் முறை.

டிஸ்ப்ளே இரண்டுங்கெட்டான்: லோகோவை அணையாமல் காட்ட வேண்டுமானால் பூட்லோடரின் ஃபிரேம்பஃபர் மெமரியை ஒதுக்கிவைத்து, சிம்பிள் ஃபிரேம்பஃபராக விவரித்து, உண்மையான டிரைவர் வரும்போது ஒப்படைக்க வேண்டும். யூ.எஸ்.பி. ஹோஸ்ட் கண்ட்ரோலரை பயாஸ் வைத்திருக்கும் பி.சி.களில் முதலில் உரிமையைக் கேட்க ஒரு பிட் இருக்கிறது, எக்ஸ்.எச்.சி.ஐ.யில் கெர்னல் அதற்கு ஒரு விநாடிவரை காத்திருந்து, பிறகுதான் பறித்துக்கொள்கிறது. எஸ்.பி.ஐ. ஃப்ளாஷ் இதற்கு நேர் எதிர்: நான்கு பைட் முகவரி முறையில் விட்டுப்போனால் அடுத்த வார்ம் ரீபூட்டில் பூட் ரோமே (சிப்பில் நிரந்தரமாகப் பதிந்த முதல் நிரல்) அதைப் படிக்க முடியாமல் நிற்கும். அங்கே ஷட்டவுனில் பழைய நிலைக்குத் திருப்புவது உங்கள் பொறுப்பு.

சோதனையும் டீம் லீடரும்

எஸ்.டி. பூட், நெட்வொர்க் பூட் இரண்டும் போதாது. வயரில் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளைத் தொடர்ந்து பொழியவிட்டபடி இவற்றைச் செய்யுங்கள்: யூ-பூட்டில் பிங் செய்துவிட்டு எஸ்.டி. பூட், யூ-பூட்டில் நெட்வொர்க்கைத் தொடவே தொடாமல் கோல்டு பூட், வார்ம் ரீபூட், மாட்யூலை நூறு முறை கழற்றி ஏற்றல், கே-எக்ஸெக், கே-டம்ப் ஏற்றிவைத்து, சிஸ்-ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாக அவசரக் கட்டளை தரும் வசதி) மூலம் வேண்டுமென்றே பேனிக். கடைசியதில் தேறினால் உங்கள் ப்ரோப் யாரையும் நம்பவில்லை என்று பொருள். பயன்படாத கிளாக்குகளை அணைக்காதே என்னும் கெர்னல் பாராமீட்டரைப் போட்டால் ஏதாவது சரியாகிறதா என்றும் பாருங்கள். சரியானால் ஏதோ ஒரு டிரைவர் தனக்கு வேண்டிய கிளாக்கைக் கேட்காமல் பூட்லோடரின் தயவில் ஓடுகிறது. பாராமீட்டரை அப்படியே வைத்துவிட்டுப் போகாதீர்கள்; அது கண்டுபிடிக்கும் கருவி மட்டுமே.

டீம் லீடரிடம் "பூட்லோடர் பிழைக்கு ஒட்டுப்போடுகிறேன்" என்று போகாதீர்கள். அவர் மறுப்பார், மறுக்கவும் வேண்டும். மாற்றங்களைப் பிரித்துக் கொடுங்கள். டி.எம்.ஏ. நிறுத்தல் யூ-பூட்டுக்குத் தனி பேட்ச், மெமரி சிதைவு டம்ப்போடு. ப்ரோப் வரிசை டிரைவருக்குத் தனி பேட்ச். அதன் காரணமாகக் கே-டம்ப்பை எழுதுங்கள், யூ-பூட்டை அல்ல. டிவைஸ் ட்ரீயில் ரீசெட்டும் ஃபை-மோடும் இன்னும் இரண்டு. பழைய போர்டுகளுக்கான பூட் ஸ்கிரிப்ட் வரிகளை எந்த யூ-பூட் பதிப்புவரை தேவை என்ற குறிப்போடு தனியாக வையுங்கள். அப்போதுதான் ஒருநாள் யாராவது அதைத் துணிந்து நீக்க முடியும்.